தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு: வாசகர் கேள்வி - பதில்

வீட்டில் கட்டும் சிறு விமானங்களைப் பற்றி வந்த கடிதங்களில் பலவும் ஜான் டென்வரின் விபத்தையே கேட்டிருந்தன. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997-இல் தானே ஓட்டிய சிறு விமானம் கடலில் விழுந்து இறந்தார். பெட்ரோல் தீர்ந்ததால் விழுந்தது என்கிறார்கள். இன்னொரு டேங்கில் பெட்ரோல் இருந்தது என்றும் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? (ஈரோடு வாசகர்)

இரண்டும் உண்மைதான். ஒரு டேங்க் வற்றியது. மற்றதற்கு மாற்றும் வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

1997 அக்டோபர் 12, ஞாயிறு மாலை. கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து டென்வர் தனியாகக் கிளம்பினார். ஓடுபாதையைத் தொட்டு மறுபடி மேலேறும் பயிற்சியை மூன்று முறை செய்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனார். 5.28 மணி அளவில் பசிபிக் குரோவ் ஊரை ஒட்டிய கடலில் விமானம் விழுந்தது. அவருக்கு வயது 53. கரையில் நின்றவர்கள் அது 350 முதல் 500 அடி உயரத்தில் பறந்ததாகச் சொன்னார்கள். சிலருக்கு 'டப்' என்று ஒரு சத்தமும், பிறகு எஞ்சின் ஓசை குறைந்ததும் கேட்டிருக்கிறது. மூக்கு சற்றே மேலே தூக்கி, வலப்பக்கம் சாய்ந்து, தலைகுப்புறக் கடலுக்குள் போய்விட்டது.

அந்த விமானம் லாங்-ஈஸி ரகம். பர்ட் ருட்டன் வடிவமைத்தது; 1979-இல் முதலில் பறந்தது. வரைபடத்தை வாங்கி, நுரைப்பலகை, கண்ணாடி இழைத் துணி, எப்பாக்ஸி பிசின் இவற்றைக் கொண்டு அவரவரே கட்டிக்கொள்ள வேண்டியது. டென்வர் அதைக் கட்டவில்லை. வேறொருவர் கட்டியதைப் பழைய விமானமாக வாங்கியிருந்தார். இறக்கை இரண்டும் உடலோடு சேரும் இடத்தில் இடமும் வலமுமாக இரண்டு டேங்க். ஒவ்வொன்றும் சுமார் 26 கேலன், அதாவது 98 லிட்டர் பிடிக்கும். எஞ்சின் ஒரு நேரத்தில் ஒரு டேங்கிலிருந்துதான் குடிக்கும். எந்த டேங்க் என்பதை ஒரு வால்வுக் கைப்பிடியைத் திருப்பித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ருட்டனின் வரைபடப்படி அந்தக் கைப்பிடி பைலட்டின் இரு கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். இந்த விமானத்தில் அது பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால், முதுகுப்புறத் தடுப்பில் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று எழுதியும் வைக்கவில்லை. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களோ பின் இருக்கைப் பக்கம் இருந்தன. அவற்றிலும் அளவுக் கோடுகள் கிடையாது.

கிளம்பும் முன் ஒரு மெக்கானிக் உடன் இருந்தார். கைப்பிடி எட்டாததையும், திருப்பும்போது இறுகி நிற்பதையும் இருவரும் பேசியிருக்கிறார்கள். கைப்பிடியில் ஒரு பூட்டுக் குறடை மாட்டி நீளம் கூட்டிப் பார்த்தார்கள், அப்போதும் எட்டவில்லை. குழாய்களைப் பின்னால் திரும்பாமல் பார்க்க முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை மெக்கானிக் கொடுத்தார். அவர் பார்த்த அளவு: வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடதில் கால்வாசிக்கும் குறைவு. பெட்ரோல் போடலாமா என்றதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்று டென்வர் சொல்லிவிட்டார்.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதே ரக விமானத்தில் ஒத்திகை பார்த்தது. அந்தக் கைப்பிடியைத் தொட வேண்டுமானால், பைலட் வலப்பக்கம் இருக்கும் ஸ்டிக்கை (விமானத்தைச் சாய்க்கவும் ஏற்றி இறக்கவும் பிடிக்கும் தண்டை) விட்டுக் கையை எடுக்க வேண்டும். தோள்பட்டை வாரைத் தளர்த்த வேண்டும். மேல் உடம்பை 90 டிகிரி இடப்பக்கம் முறுக்க வேண்டும். அதன் பிறகுதான் திருப்ப முடியும். அப்படி முறுக்கும்போது உடம்புக்கு முட்டுக் கொடுக்க வலது கால் தானாக நீண்டு, மூக்கை இடவலம் திருப்பும் ரடர் தகட்டின் பெடலை மிதித்தது. வலது ரடரை மிதித்தால் விமானம் மூக்கைச் சற்றுத் தூக்கி வலப்பக்கம் உருளும். கரையில் நின்றவர்கள் சொன்னதும் இதையேதான்.

1999 ஜனவரியில் வாரியம் சொன்ன முடிவை ஒரே சொல்லில் 'பெட்ரோல் தீர்ந்தது' என்று சுருக்கக் கூடாது. வால்வைத் திருப்பும் முயற்சியில் கவனம் சிதறியது, அறியாமல் வலது ரடரை மிதித்தது, பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியது இவை காரணங்கள். எட்டாத இடத்தில் குறியில்லாத வால்வு, குறியில்லாத குழாய், இந்த ரக விமானத்துக்குப் போதாத பயிற்சி, அனுபவக் குறைவு இவை துணைக் காரணங்கள். எங்கள் பார்வையில் அந்த வால்வு இருந்த இடமே இந்த வரிசை முழுவதுக்கும் வேர்.

லாங்-ஈஸி போன்ற, முன்பக்கம் சிறு இறக்கை வைத்த விமானங்கள் ஸ்டால் ஆகாது, அதாவது பெரிய இறக்கை திடீரெனத் தூக்குவிசையை இழக்காது என்று வகுப்பில் படித்தோம். அப்படியிருக்க அது எப்படி விழுந்தது? (விமானப் பொறியியல் மாணவர், குரோம்பேட்டை)

படித்தது சரி. கனார்ட் எனப்படும் முன் இறக்கை, பெரிய இறக்கைக்கு முன்பே தூக்குவிசையை இழக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வேகம் குறைந்தால் மூக்கு தானாகத் தாழ்ந்து வேகம் மீளும். பெரிய இறக்கை ஸ்டால் ஆகும் கோணத்துக்கே விமானம் போகாது. எடைமையம் வரம்புக்குள் இருக்கும்வரைதான் இது. மையம் பின்னால் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும், அந்த நிலையிலிருந்து மீள்வது மிகக் கடினம்.

ஆனால் மான்டரேயில் நடந்தது ஸ்டால் இல்லை. ரடர் மிதிபட்டு விமானம் உருண்டது. லாங்-ஈஸியில் வாலே கிடையாது. பின்னோக்கிச் சரிந்த பெரிய இறக்கையின் இரு நுனிகளிலும் நிற்கும் செங்குத்துத் துண்டுகளில்தான் ரடர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பக்கம் வெளிநோக்கி மட்டும் திரும்பும். வலதை மட்டும் மிதித்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். இடது இறக்கை காற்றை நேராக எதிர்கொண்டு அதிகம் தூக்கும். விமானம் வலப்பக்கம் உருளும். ஸ்டிக்கில் கை இருந்தால் எதிர்ப்பக்கம் சாய்த்து உடனே நிமிர்த்திவிடலாம். கை தோளுக்குப் பின்னால் இருந்தது. 500 அடி என்பது நிமிர்த்துவதற்குப் போதுமான உயரமும் இல்லை.

அவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? (வேலூர் வாசகி)

இல்லை. உடற்கூறு ஆய்வில் மதுவோ போதைப்பொருளோ காணப்படவில்லை. பறப்பதற்குத் தேவையான மருத்துவச் சான்று அந்த நாளில் அவரிடம் செல்லுபடியாக இல்லை என்பது உண்மை; அதற்குப் பின்னணியில் முந்தைய மதுப் பழக்கம் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் அப்படிப் பேசுகிறார்கள். அவர் புதியவரும் அல்ல. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், ஜெட் விமானமும் ஓட்டியவர். இந்த ஒரு விமானத்துக்குத்தான் புதியவர். முந்தைய நாள் அரை மணி நேரம் அளவுக்கே அறிமுகப் பயிற்சி எடுத்திருந்தார்.

கட்டியவர் வரைபடத்தை மீறி வால்வை இடம் மாற்றலாமா? அரசு ஆய்வாளர் எப்படி அனுமதித்தார்? (மதுரை வாசகர்)

அமெரிக்கச் சட்டத்தில் இது 'சோதனை விமானம், தன் கையால் கட்டியது' என்ற வகையில் வரும். கட்டும் வேலையில் பாதிக்கு மேல், அதாவது 51 சதவீதத்தை, கல்விக்காகவோ ஆர்வத்துக்காகவோ தானே செய்தவர் எவரும் பதிவு செய்யலாம். வடிவமைப்பை அரசு சான்றளிப்பதில்லை. ஆய்வாளர் வந்து பார்ப்பது வேலைத்தரத்தையும் ஆவணங்களையும்தான். வரைபடத்தை அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இந்த விமானம் வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பலகை பயணி பார்வையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

தொழிற்சாலை விமானத்தில் இந்த வால்வு இப்படி அமைய வாய்ப்பே இல்லை. அதற்கான விதிகள் தெளிவானவை: பைலட் இருக்கையிலிருந்து கைப்பிடி கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். டேங்க் மாற்றும்போது தெரியாமல் 'மூடு' நிலைக்குப் போய்விடக் கூடாது. மூட வேண்டுமானால் தனியாக ஒரு செயல் தேவைப்பட வேண்டும்.

கட்டியவரின் நோக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள், கால்களுக்கு நடுவே ஓடினால் மோதலில் தீப்பிடிக்கும் என்று அஞ்சித்தான் வால்வைப் பின்னால் வைத்தார். அந்த அச்சம் நியாயமானது. குழாயைப் பின்னால் ஓட்டியதில் தவறில்லை. வால்வு பின்னால் இருந்தாலும், ஒரு நீண்ட தண்டும் ஒரு மூட்டும் போட்டுக் கைப்பிடியை மட்டும் முன்னால் கொண்டுவந்திருக்கலாம். ஓர் ஆபத்தைக் குறைக்க ஒரு மாற்றம் செய்யும்போது அதனால் பைலட்டின் கையும் கண்ணும் எங்கே போக வேண்டியிருக்கிறது என்று இருக்கையில் உட்கார்ந்து, வாரை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகன், வேறொருவர் கட்டிப் பறந்த விமானத்தை விலைக்கு வாங்கப் போகிறான். எதையெல்லாம் பார்த்து வாங்கச் சொல்ல? (கோவை வாசகர்)

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தன் கையால் கட்டிய விமானங்களின் விபத்துகளை அமெரிக்க வாரியம் 2012-இல் தனி ஆய்வாக வெளியிட்டது. எஞ்சின் கோளாறும் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்தான் அதில் முன்னே நின்றன. புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் சில பறத்தல்களிலும், பழைய விமானம் கை மாறியவுடனும் விபத்துகள் குவிந்திருந்தன. கட்டியவருக்கு விமானத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். வாங்குபவருக்குப் பறக்கத் தெரியும், விமானத்தைத் தெரியாது.

விலை பேசும் முன் அதே ரக விமானத்தின் வரைபடத்தை வாங்கி, இந்த விமானம் எங்கெல்லாம் அதிலிருந்து மாறியிருக்கிறது என்று கட்டியவரையே உட்காரவைத்து எழுதி வாங்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வழி, கட்டுப்பாட்டுத் தண்டுகள், எஞ்சின், புரொப்பெல்லர், எடைமையம் என்ற வரிசையில் கேட்க வேண்டும். பெரிய மாற்றம் ஏதும் பிற்பாடு செய்திருந்தால், அதற்குப் பின் குறைந்தது 5 மணி நேரம் மறுபடி சோதனையாகப் பறந்த பதிவு புத்தகத்தில் இருக்க வேண்டும். புதிய விமானத்துக்கு எஞ்சினைப் பொறுத்து 25 அல்லது 40 மணி நேரச் சோதனைக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் வரம்பு வேகம், எடை, ஏறும் வேகம் எல்லாம் அளந்து எழுதினார்களா, மணி நேரத்தை மட்டும் ஓட்டிக் கழித்தார்களா என்று பார்த்தால் கட்டியவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டிய நிலைப் பரிசோதனையைக் கட்டியவர் தன் உரிமத்தில் தானே செய்யலாம். அந்த உரிமை வாங்குபவருக்கு வராது. அவர் உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ஆகவே வாங்கும் முன்பே, அந்த ரகம் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டட்டும். எடை-மையக் கணக்குத் தாள் பழையதாக இருந்தால் நம்ப வேண்டாம். மூன்று தராசுகளில் நிறுத்தி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்தாலே மையம் நகரும்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து வைத்து, மகன் இருக்கையில் உட்கார்ந்து, பறக்கும்போது கட்டுவது போலவே வாரை இறுக்கிக் கட்டட்டும். பெடல் இரண்டும் முழுதாக மிதிபடுகிறதா? முதுகுக்குத் தலையணை வைத்தால்தான் எட்டுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல் வால்வு, துணைப் பம்பு, த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி), மிக்ஸ்ச்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் பிடி), கதவுத் தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் தொடச் சொல்லுங்கள். வால்வைத் திருப்பும்போது கால்கள் அசைகின்றனவா என்று வெளியே நின்று ஒருவர் பார்க்க வேண்டும். கால் அசைந்தால், அதைச் சரிசெய்யும்வரை அந்த விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

அளவுக் கோடு இல்லாத கண்ணாடிக் குழாயில் எப்படிக் கோடு போடுவது? வெளியிலிருந்து பார்த்தாலே பாதி, கால் என்று தெரியாதா? (திருச்சி மாணவி)

தெரியாது. டேங்கின் வடிவம் சீராக இல்லை. இறக்கை வளைவுக்கேற்ப ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருக்கும். குழாயில் பாதி உயரம் என்றால் டேங்கில் பாதி என்று பொருளில்லை. லாங்-ஈஸியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பைலட் ஏறாதபோது பின்பக்கம் கவிழாமல் இருக்க, முன் சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் குத்தித்தான் நிறுத்துவார்கள். அந்தச் சாய்வில் குழாய் காட்டும் அளவு, பறக்கும்போது காட்டும் அளவு இல்லை.

முறை இதுதான். காற்றோட்டமான வெளியிடத்தில், விமானத்தையும் பெட்ரோல் கேனையும் கம்பியால் இணைத்துத் தரைக்கு எர்த் கொடுத்து, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தைப் பறக்கும் நிலைக்கு மட்டம் பார்த்து நிறுத்துங்கள். டேங்கைக் கார்புரேட்டர் பக்கத்துக் குழாய் வழியாகவே பம்பு ஓடவைத்து வடியுங்கள். ஒழுக்கு நின்ற பிறகும் உள்ளே மிச்சம் இருக்கும். அதை அடிக்குழாய் வழியாக வடித்து அளந்தால், அதுதான் அந்த நிலையில் பயன்படாத பெட்ரோல். அதை மறுபடி ஊற்றி, அந்த மட்டத்தில் சிவப்புக் கோடு போட்டு 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஐந்தைந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் மட்டம் அடங்கியதும் ஒரு கோடு, ஓர் எண். தரையில் நிறுத்தும் நிலைக்குத் தனி அளவுத் தாள் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு டேங்குக்கும் தனித்தனியாகவே செய்ய வேண்டும். கையால் கட்டிய இரண்டு டேங்க் ஒரே அளவில் இருக்காது.

அந்த ஏற்பாடு இருக்கும்போதே, குழாயில் பெட்ரோல் போதிய அளவு ஓடுகிறதா என்ற சோதனையையும் முடித்துவிடலாம். 150 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 52 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு வைத்த விமானத்தில் குழாய் அதைப்போல் 125 சதவீதம் கொடுக்க வேண்டும். புவியீர்ப்பால் மட்டும் இறங்கும் அமைப்பில் 150 சதவீதம். பம்புக் கணக்கில் 65 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 1.1 லிட்டர். விமானம் மேலேறும்போது எட்டும் மிக அதிகக் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, டேங்கில் குறைந்த பெட்ரோலோடு, கார்புரேட்டர் முனையைக் கழற்றி அளவுச் சாடியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். 1.1 லிட்டருக்குக் குறைந்தால் வளைவு நெளிவு அதிகமான குழாய், அடைத்த வடிகட்டி, அடைபட்ட காற்றுத்துளை இவற்றில் ஏதோ ஒன்று காரணம். கண்ணாடி இழை டேங்கில் கட்டும்போது விழுந்த நுரைத்தூளும் இழைப்பிசிறும் மாதக் கணக்கில் வடிகட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். முதல் சில பறத்தல்களுக்கு ஒவ்வொரு முறை இறங்கியதும் வடிகட்டியைத் திறந்து பார்ப்பது அதற்காகத்தான். எத்தனால் கலந்த சாலைப் பெட்ரோல் சில பிசின்களை இளக்கிவிடும். அந்த விமானத்துக்கு எந்தப் பிசின் போட்டார்கள் என்று தெரியாமல் ஊற்றவே கூடாது.

நம் நாட்டில் இப்படிக் கட்டிப் பறக்க முடியுமா? (சேலம் வாசகர்)

மும்பையில் பைலட்டாக இருந்த அமோல் யாதவ், காந்திவலியில் மொட்டைமாடியில் கட்டிய விமானத்தை 2017-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்தார். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகே அது நடந்தது. இயக்குநரகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கட்டியதைப் பறக்கவிடுவது குற்றம். வரைபடம் வாங்கும் முன்பே அங்கே எழுதிக் கேளுங்கள்.

தாழப் பறக்கும்போது எஞ்சின் நின்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு டேங்கை மாற்றலாமா? (நெல்லை வாசகர்)

தேவைப்பட்டால் அப்படித்தான் செய்வேன் என்று டென்வரும் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார். நல்ல உயரத்தில், எஞ்சின் சீராக ஓடும்போது அது வேலை செய்யும். எஞ்சின் நிற்கும் நொடியில் ஆட்டோபைலட்டை நம்பக் கூடாது. உயரத்தைக் காப்பாற்றப் பார்த்து அது வேகத்தை விழுங்கிவிடும். பெடலை மிதிக்கும் காலையும் அதனால் தடுக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். எஞ்சின் இல்லாமல் நிமிடத்துக்கு 800 அடி இறங்குகிறது என்றால், 500 அடியிலிருந்து தரைக்கு 37 விநாடி. வற்றிய டேங்கிலிருந்து பம்பு காற்றை இழுத்திருக்கும். டேங்கை மாற்றிய பிறகும் பெட்ரோல் எஞ்சினை எட்டச் சில விநாடிகள் ஆகும். ஆகவே முதல் வேலை மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்தைப் பிடிப்பது. இரண்டாவது, எங்கே இறங்குவது என்று ஓர் இடத்தைத் தேர்ந்து அந்தப் பக்கம் திருப்புவது. அதற்குப் பிறகுதான் டேங்க், துணைப் பம்பு, மிக்ஸ்ச்சர், கார்புரேட்டரைச் சூடாக்கும் பிடி. ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்காமல், உடம்பைத் திருப்பாமல் இவை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் விட்டுவிட்டு நேரே இறங்க வேண்டும். கட்டுப்பாட்டில் இருக்கும் விமானத்தை நீரில் இறக்கினால் பிழைக்க வாய்ப்புண்டு. கட்டுப்பாடு போன விமானத்தில் அந்த வாய்ப்பு இல்லை.

அந்த நிலையே வராமல் தடுப்பது எளிது. அதிகம் இருக்கும் டேங்கில் கிளம்புங்கள். கிளம்பும் முன் தரையில் இரண்டு டேங்கிலும் தலா இரண்டு நிமிடமாவது எஞ்சினை ஓடவிடுங்கள். ஓடுபாதையில் நின்றுகொண்டு கடைசி நொடியில் மாற்றாதீர்கள். மேலே அரை மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள், நேரத்தை முழங்காலில் கட்டிய தாளில் குறியுங்கள். விமான நிலையத்தைச் சுற்றித் தொட்டு ஏறும் பயிற்சிக்கு, இரண்டில் எதிலும் கால்வாசிக்குக் கீழே இருந்தால் முதலில் நிரப்பிவிட்டு வாருங்கள். புதிய விமானத்தில் டேங்க் மாற்றும் பழக்கத்தை, விமான நிலையத்துக்கு நேர் மேலே 3,000 அடிக்குக் குறையாத உயரத்தில், பக்கத்தில் அந்த ரகம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, கை தானாகப் போகும்வரை செய்து பாருங்கள்.